பழைய வேனுக்குத் தோல் உறை: அளவு குறைந்தால்தான் பிடி நிற்கும்!

தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வேன் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் பலர். விடியுமுன் இட்லி மாவு ஏற்றிப் போகிறவர் உண்டு. பூவும் வாழை இலையும் ஏற்றுகிறவர் உண்டு. கல்யாண வீட்டுக்கு அண்டா, குண்டாவோடு போகிறவரும் உண்டு. இவர்களில் பலருடைய வண்டி புது வண்டி அல்ல. 1984-ம் ஆண்டு மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் பெற்று, 2019-ம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன வண்டிதான் இன்றும் பலருக்குச் சோறு போடுகிறது.

வண்டிக்கு வயதானால் முதலில் தேய்வது எது என்று கேட்டால் டயர் என்பார்கள், பிரேக் என்பார்கள். ஸ்டியரிங் வளையம் தேய்வதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டு வியர்வையில் அந்தப் பிளாஸ்டிக் வளையம் கண்ணாடி போல் வழுவழுப்பாகிவிடும். வெயிலில் நிறுத்தி நிறுத்தி மேல் பக்கம் வெடிப்பு விடும். சில வண்டிகளில் பிசுபிசுவென்று கையில் ஒட்டும்.

உடனே என்ன செய்கிறார்கள்? குர்லா சி.எஸ்.டி. ரோட்டிலோ, சிக்னலில் விற்கிறவரிடமோ ஒரு ரெடிமேட் உறை வாங்கி மாட்டிக் கொள்கிறார்கள். உள்ளே ரப்பர், வெளியே ரெக்ஸின். இரண்டு நிமிட வேலை. பார்க்கவும் பளபளப்பு. ஆனால் ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

கை திரும்பும், வண்டி திரும்பாது!

பழைய வேனுக்கு பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்புவதற்குத் தோள்பட்டை வலிக்க இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் உள்ளங்கையிலிருந்து உறைக்கும், உறையிலிருந்து வளையத்துக்கும் போக வேண்டும். நடுவில் இருக்கும் உறை வளையத்தின் மேல் நழுவினால், கை திரும்பும், சக்கரம் திரும்பாது. அரை சாண் நழுவினால் போதும். செம்பூர் நாகாவில் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் வண்டியை ஒடிக்கிறவருக்கு அந்த அரை சாண் என்பது சின்ன விஷயமா?

பவர் ஸ்டியரிங் உள்ள புது வண்டியில் விரல் நுனியால் திருப்புகிறார்கள். அங்கே தளர்ந்த உறை ஒரு தொல்லை, அவ்வளவுதான். பழைய வேனில் அது உயிர் சம்பந்தப்பட்ட காரியம். எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்து வைக்கிற வண்டிக்காரர், தினமும் பன்னிரண்டு மணி நேரம் கையில் பிடிக்கிற பொருளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதற்குத் தாராவியில் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. வண்டியில் வைத்தே, கையால் தைத்துப் போடுகிற தோல் உறை.

15 சென்டிமீட்டர் கணக்கு

தோல் தைக்கிறவரிடம் போய், “அண்ணாச்சி, வளையத்தை நல்லா சுத்தி அளவெடுத்து, அதே அளவுக்குத் தோல் வெட்டுங்க” என்று சொல்பவர்கள்தான் அதிகம். தொழில் தெரிந்தவர் சிரிப்பார். “அதே அளவுக்கு வெட்டுனா சட்டை மாதிரி தொளதொளன்னு நிக்கும் தம்பி. இது சட்டை இல்ல, தோலு” என்பது போலத்தான் பதில் வரும்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 38 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வளையத்தை எடுத்துக் கொள்வோம். அதன் வெளி விளிம்பைச் சுற்றி அளந்தால் சுமார் 119 சென்டிமீட்டர் வரும். கைக்குள் பிடிக்கும் தடிமன் இரண்டரை சென்டிமீட்டர் என்றால், உள் விளிம்பைச் சுற்றி அளந்தால் சுமார் 104 சென்டிமீட்டர்தான் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 15 சென்டிமீட்டருக்கும் மேல்!

அதாவது ஒரே தோல் பட்டை, நடுவில் 119 சென்டிமீட்டராகவும் இரண்டு ஓரங்களிலும் 104 சென்டிமீட்டராகவும் இருக்க வேண்டும். நேர் பட்டையாக வெட்டியதை வைத்து இதை எப்படிச் செய்வது? 119-க்கு வெட்டினால் உள் ஓரத்தில் பாவாடை மடிப்பு போல் சுருக்கம் விழும். சுருக்கம் இருக்கும் இடத்தில் பிடிப்பு இல்லை. 104-க்கு வெட்டினால் வெளிப்பக்கம் எட்டாது.

ஆகவே, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவில், வெளிச் சுற்றை விடக் குறைத்து வெட்டுகிறார்கள். நடுப்பகுதியை இழுத்து நீட்டுகிறார்கள். ஓரத்தைத் தையலால் நெருக்குகிறார்கள். நீட்டினால் நீளவும், நெருக்கினால் அடங்கவும் கூடிய பொருள் தோல் ஒன்றுதான். ரெக்ஸினுக்குப் பின்னால் நெய்த துணி இருக்கிறது. அது நீளாது. எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் ரெக்ஸின் உறை ஒரு வருடத்தில் சுழல ஆரம்பிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அகலத்திலும் இதே கதைதான். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள வளையத்தைக் குறுக்கே சுற்றினால் எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். தோலை அதிலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் குறைத்து வெட்ட வேண்டும். அந்த இடைவெளியை நூல் இழுத்து மூடும்போதுதான் தோல் வளையத்தைக் கவ்விக் கொள்கிறது.

தாராவியில் தோல் வந்த வழி

இந்தக் கைத்திறன் தாராவிக்கு எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரிந்த சரித்திரம்தான். ஆனாலும் இளைய தலைமுறைக்குச் சொல்லி வைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அன்றைய பம்பாய் நகரத்தின் எல்லையாக இருந்த இந்தச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் கூடங்கள் வந்தன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பதனிடும் கூடங்களை நடத்தினார்கள். அவற்றில் வேலை பார்க்க அதே சீமையிலிருந்து ஏழைத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் பக்கத்தில் இருந்ததால் பச்சைத் தோலுக்குப் பஞ்சமில்லை.

1971-ம் ஆண்டில் தேவனாரில் மாநகராட்சி இறைச்சிக்கூடம் வந்தது. தாராவியில் பதனிடும் வேலை படிப்படியாகக் குறைந்தது. ஆனால் பதனிட்ட தோலை வாங்கி வந்து வெட்டித் தைக்கும் தொழில் இங்கேயே நின்றுவிட்டது. தாராவியின் பிரதான சாலையில், காலா கில்லா பக்கம் வரிசையாக இருக்கும் தோல் கடைகளே அதற்குச் சாட்சி. அந்தச் சாலைக்கு சந்த் ரோஹிதாஸ் மார்க் என்று பெயர். வடநாட்டில் ரவிதாஸ் என்று போற்றப்படும் பக்திக் கவிஞரைத்தான் மராட்டியத்தில் ரோஹிதாஸ் என்கிறார்கள். தோல் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். பொருத்தமான பெயர்தான்.

மராட்டியத்தில் பசுவதைத் தடை 1976-ம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. 2015-ம் ஆண்டில் காளை, எருதுகளுக்கும் தடை வந்தது. அதன் பிறகு இங்கே எருமைத் தோலும் ஆட்டுத் தோலும்தான் பெரும்பாலும் புழங்குகின்றன. வெளியூர்ச் சரக்கும் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று கடைக்காரர் சொன்னால், ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்தது போல் இருக்கும்!

எந்தத் தோல் வாங்குவது?

ஸ்டியரிங்குக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் போதும். தடித்த எருமைத் தோல் பெல்ட்டுக்கும் செருப்புக்கும் நல்லது. வளையத்தில் அது வளையாது. பழைய காலத்தில் நம் ஊரில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். அந்தத் தோல் உறுதியானது. ஆனால் சற்று விறைப்பு. குரோமியம் உப்பில் பதனிட்ட மெல்லிய ஆட்டுத் தோல் மிருதுவாக நீளும்; வியர்வைக்கும் ஓரளவு தாங்கும். இந்த வேலைக்கு அதுவே ஏற்றது.

ஒரு முழுத் தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகுப் பக்கம் கெட்டி. வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. இழுத்தால் இழுத்தபடி போய்விடும், திரும்பாது. விலை குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று வயிற்றுப் பக்கத் துண்டை வாங்கிவிடக் கூடாது. ஆட்டுத் தோலில் ஒரு மீட்டருக்கு மேல் ஒரே பட்டையாக வெட்டுவது கடினம். எனவே இரண்டு, மூன்று துண்டுகளைச் சேர்த்துத்தான் வளையமாக்குவார்கள். ஒட்டுப் போட்டதாக எண்ணி வருந்த வேண்டாம். அந்த இணைப்புகள் ஆரக்கால் இருக்கும் இடத்தில் விழும்படி வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். இணைக்கும் ஓரங்களை ராம்பி என்கிற தோல் கத்தியால் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால் அந்த மேடு நாள் முழுவதும் உள்ளங்கையில் உறுத்தும்.

தைக்கும் முறை

முதல் வேலை, வளையத்தைக் கழுவுவது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். வளையம் பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தேய்க்கிற அன்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தக் கைவைத்தியத்தை விட்டுவிடுவது நல்லது! வெடிப்பு இருந்தால் எம்-சீல் வைத்து அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுச் சமமாக்க வேண்டும். வெடிப்பு வளையத்தின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வரை போய், வளையமே ஆடுமானால் உறை போட்டு மறைக்கக் கூடாது. அப்போது ஸ்டியரிங்கையே மாற்ற வேண்டும்.

தோல் பட்டையின் இரண்டு ஓரங்களிலும் ஒரே இடைவெளியில் துளை போடுகிறார்கள். ஆறு மில்லிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் ஓரத்துக்கு 170 துளைக்கும் மேல் வரும். இரண்டு ஓரத்திலும் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். ஒன்று கூடிக் குறைந்தால் தையல் சாய்ந்து கொண்டே போய், கடைசியில் தோல் முறுக்கிக் கொள்ளும். அவசரக்காரர்கள் தப்புவது இந்த இடத்தில்தான்.

வண்டிச் சக்கரங்களை நேராக நிறுத்திவிட்டு, வளையமாக்கிய தோலின் உள்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, மேலிருந்து கீழாக இழுத்து மாட்டுகிறார்கள். சுலபமாக ஏறினால் அளவு தப்பு என்று அர்த்தம். இருவர் சேர்ந்து மல்லுக்கட்டி ஏற்றினால் அளவு சரி. ஈரம் காயும்போது தோல் இன்னும் சற்று இறுகும்.

தையல் வரி, ஓட்டுகிறவரின் உள்ளங்கை படாதபடி வளையத்தின் உள் விளிம்பில் வர வேண்டும். மெழுகு ஏற்றிய நைலான் நூல், இரண்டு ஊசி. ஒரு ஊசி இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம், பெருக்கல் குறி போல் போகிறது. ஆரக்காலிலிருந்து ஆரக்கால் வரை ஒரு பகுதி. அங்கே முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த பகுதி. ஒரே நூலாக முழு வட்டமும் தைத்தால், ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் தளரும். ஆரக்கால் வரும் இடத்தில் தோலைக் கத்தரித்து, ஓரத்தை உள்ளே மடித்து அடக்குகிறார்கள். ஹாரன் அழுத்தும் இடத்தை மூடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

நல்ல கை இரண்டு, மூன்று மணி நேரம் எடுத்துக் கொள்ளும். டீ வாங்கிக் கொடுத்து அவசரப்படுத்தினாலும் அதற்குள் முடியாது.

ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: வளையத்தின் நடு மூடியை யாரும் கழற்றக் கூடாது. காற்றுப்பை அதற்குள்தான் இருக்கிறது. பழைய ஆம்னியில் அந்தப் பயம் இல்லை.

வேலை முடிந்ததும் காசு கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. என்ஜினை அணைத்து, சக்கரம் நேராக இருக்க, இரண்டு கைகளாலும் வளையத்தின் இரு பக்கங்களையும் இறுகப் பிடித்து, துணி பிழிவது போல் முறுக்கிப் பார்க்க வேண்டும். தோல் மட்டும் தனியாக அசைந்தால் பிரித்துத் தைக்கச் சொல்ல வேண்டும். பிறகு நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இடக் கோடி, வலக் கோடி என்று நாலு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும்.

மழைக்காலமும் ஆயுத பூஜையும்

மும்பை மழையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தோலுக்குச் சோதனைக் காலம். ஜன்னலை அடைத்து இரண்டு நாள் நிறுத்திய வண்டியில் உறை மேல் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, வண்டிக் கதவைத் திறந்து காற்றாட விட்டால் போதும். வெயிலில் காய வைத்தால் தோல் வெடிக்கும். ஷூ பாலிஷ் போடக் கூடாது. அது கையில் ஒட்டும், வழுக்கும்.

ஆயுத பூஜை அன்று ஸ்டியரிங்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். தோலில் குங்குமக் கறை போகவே போகாது. பொட்டை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, வளையத்துக்கு ஒரு முழம் பூவைச் சுற்றினால் பூஜைக்கும் குறைவில்லை, தோலுக்கும் சேதமில்லை. பூவை வண்டி எடுக்குமுன் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புது உறை போட்ட முதல் மாதத்தில் தோல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். ஏதாவது ஒரு பகுதியில் தையல் தளர்ந்தது போல் விரலுக்குத் தெரிந்தால், அந்த ஆரக்காலிலிருந்து அடுத்த ஆரக்கால் வரை மட்டும் நூலை மாற்றி இறுக்கிக் கொள்ளலாம். தைத்தவரிடமே கொண்டு போனால் அரை மணி நேர வேலை.