பதக்கத்திற்கும் உண்டு மூலப்பத்திரம்

நிலம் வாங்குவோர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பாராமல் முன்பணம் கொடுப்பதில்லை. பழம்பொருள் கடையில் ஒரு போர்ப் பதக்கத்தைக் கண்டதும் அந்த எச்சரிக்கையைப் பலர் மறந்துவிடுகின்றனர். முதல் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களும், இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 25 லட்சம் பேரும் பணியாற்றினர். அவர்கள் பெற்ற பதக்கங்களோடு போலிகளும் இன்று சந்தையில் கலந்து கிடக்கின்றன.

முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளியால் ஆனது. விட்டம் 36 மில்லிமீட்டர். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரணப் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டுப் புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரைப் பொறிப்பது பழைய மோசடி. தேய்த்த இடத்தில் விட்டம் சற்றுக் குறையும்; வெர்னியர் அளவுகோலால் பல இடங்களில் அளந்தால் இது புலப்படும்.

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் அரசு பெரும்பாலும் பெயர் பொறிக்காமலே வழங்கியது. ஆகவே அசல் பர்மா நட்சத்திரம் ஒன்று கையில் இருப்பதாலேயே அது இன்னாருடையது என்று நிறுவிவிட இயலாது. பணிவிடுப்புச் சான்றிதழ், ஊதியப் புத்தகம், பதக்கத்துடன் வந்த கடிதம் ஆகியவையே அதன் மூலப்பத்திரங்கள்.

தொப்பிச் சின்னங்களில் மகுடத்தைக் கவனிக்க வேண்டும். 1952 வரை மன்னர் காலச் சின்னங்களில் மகுடத்தின் வளைவு மேல்நோக்கி உருண்டிருக்கும். பின்னர் அரசி காலத்தில் அதன் நடுப்பகுதி உள்வாங்கியது. அச்சில் அடித்த சின்னத்தில் கோடுகள் கூர்மையாக இருக்கும். அதைப் பார்த்து வார்த்த நகலிலோ கோடுகள் மழுங்கி, சிறு குழிகள் தென்படும். அளவும் சற்றுக் குறையும். துணிச் சின்னங்கள் புற ஊதா விளக்கில் பளிச்சென ஒளிர்ந்தால், பிற்கால நூலோ என ஐயுற வேண்டும். எனினும் பழைய துணியை இக்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அவ்வாறே ஒளிரும். எனவே ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது.

விற்பவர் கூறும் வீரக்கதை சான்று ஆகாது. பெயரும் எண்ணும் கிடைத்தால் ஆவணங்களோடு ஒப்பிடலாம். போரில் உயிர்நீத்தோர் விவரங்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் உள்ளன. பிரான்சின் நவ் ஷபேல் நினைவிடத்தில் மட்டும் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

வீட்டில் பாட்டனாரின் பதக்கங்கள் இருந்தால் அவற்றைப் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம்; மெருகேற்றினால் எழுத்துகள் தேயும். பாகப்பிரிவினையில் ஆளுக்கொன்றாகப் பிரிக்கவும் வேண்டாம். ஒருவரின் பதக்கங்கள் ஒருங்கே இருப்பதே வலுவான சான்று. புகைப்படம் எடுத்து, யாருடையது, யார் வழியாக வந்தது என எழுதி, ஆவணங்களுடன் சேர்த்து வையுங்கள். நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பழைய உலோகமாக எடைக்குப் போட்டால் கிடைக்கும் தொகை சிறிது. அதனுடன் தொலைந்துபோகும் பெயரை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது.