காலை 7, மாலை 7: சர்க்கரை நோயுள்ள நாயை வளர்ப்பதும் இழப்பதும்

பரமத்தி வேலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு போனில் அலாரம். நாய்க்குச் சாப்பாடு, சாப்பிட்டு முடித்ததும் இன்சுலின் ஊசி. மாலை 7 மணிக்கு மறுபடியும் அதே. கரூரில் சொந்தக்காரர் கல்யாணமா? ரிசப்ஷன் வரைக்கும் இருக்க முடியாது. காவிரிப் பாலம் தாண்டி ஏழு மணிக்குள்ள வீடு வந்தாகணும். ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லைங்க. அந்த நாய் இருக்கிற வரைக்கும் இதுதான் டைம்டேபிள்.

நாய்க்கும் சர்க்கரை வருமா?

வரும். பெரும்பாலும் நடுவயது தாண்டிய நாய்களுக்கு. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். நிறைய தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், நல்லா சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகும். இதைப் பார்த்தால் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். வேலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1985இல் தொடங்கியது.

மாத்திரை போதாதா?

பெரும்பாலும் போதாது. நாய்களுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. அதனால் ஊசிதான் வழி. இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

இன்சுலின் மருந்து 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்தியில் வருகிறது. அதற்கேற்ற சிரிஞ்ச் வேண்டும். மாறினால் அளவு இரண்டரை மடங்கு தப்பும்.

நாய் சாப்பிடவில்லை என்றால் வழக்கமான அளவைப் போட்டுவிடக் கூடாது. முதலில் டாக்டருக்கு போன்.

ஊசிக்குப் பிறகு தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஈறில் தேன் அல்லது குளுக்கோஸ் தடவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க.

நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் பல நாய்களுக்குக் கண்புரை வந்து பார்வை போய்விடுகிறது. ஆனால் வாசனையும் பழகிய இடமும் இருந்தால் நாய் சமாளித்துக்கொள்ளும். கட்டிலையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாமல் இருந்தாலே பாதி உதவி.

கனடாவில் அழுத ஒரு டாக்டர்

இன்சுலின் கிடைத்ததே நாய்களால்தான். 1921இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை அகற்றி, சர்க்கரை நோயை உண்டாக்கி, கணையச் சாறு ஊசியைச் சோதித்தார்கள். 92 என்று எண் போட்ட ஒரு மஞ்சள் நிற கோலி நாய் சுமார் மூன்று வாரம் தாக்குப்பிடித்து, அந்த ஆகஸ்ட் கடைசியில் செத்தது. நோயாளிகள் இறந்தபோது கண்ணீர் விடாத தான் அந்த நாய்க்காக அழுததைப் பான்டிங் பின்னாளில் எழுதி வைத்தார். அடுத்து வந்த மார்ஜரி என்ற நாய் 70 நாள் வாழ்ந்தது. 1922 ஜனவரியில் 14 வயது லியோனார்ட் தாம்ப்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. நோயை உண்டாக்கியவரே அழுதார் என்றால், அஞ்சு வருஷம் ஊசி போட்டு வளர்த்தவர் அழுவதில் என்ன ஆச்சரியம்?

எப்போது போதும் என்று சொல்வது?

இன்சுலினோடு பல நாய்கள் வருடக்கணக்கில் வாழ்கின்றன. ஆனால் ஒரு கட்டத்தில் சாப்பாடு நிற்கும், எழுந்து நிற்க முடியாது, ஆஸ்பத்திரி போய் வந்தும் தேறாது. காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு டிக், மோசமான நாளுக்கு ஒரு இன்ட்டு போட்டுப் பாருங்க. இன்ட்டு கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் பேசும் நேரம் அது. கருணைக்கொலையில் மயக்க மருந்து அதிக அளவில் தரப்படும். நாய் தூங்கும், பிறகு இதயம் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கலாம். அதுவரை போட்ட ஊசி எல்லாம் வீணானது என்று அர்த்தமில்லை. வலி இல்லாமல் வைத்திருப்பதுதான் முதல் ஊசியிலிருந்தே நோக்கம்.

‘ஒரு நாய்க்கா இப்படி?’

மனிதர் போனால் ஊரே துக்கம் விசாரிக்க வரும். நாய்க்கு வராது, ஆபீசில் லீவும் கிடைக்காது. இப்படிச் சமூகம் கணக்கில் எடுக்காத துக்கத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் தனிப் பெயரே கொடுத்தார். அங்கீகாரம் இல்லாததால் துக்கம் குறைவதில்லை, தனியாகச் சுமக்க வேண்டியதாகிறது.

நோயுள்ள நாயை இழந்தவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. இத்தனை நாள் அதன் நேரத்தைச் சுற்றியே நாள் ஓடியது. இப்போது மாலை ஏழு மணிக்கு என்ன செய்வது என்றே தெரியாது. ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதியும் வரும், உடனே குற்ற உணர்ச்சியும் வரும். இரண்டுமே இயல்புதான்.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ ஆபீசிலோ இருந்தால், ‘வேற குட்டி வாங்கிக்கலாம்’ என்று ஆரம்பிக்காதீங்க. அதன் பேரைச் சொல்லி விசாரிங்க. மிச்சமிருக்கும் ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டியிருக்கும், கூடப் போங்க. போனில் இருக்கும் ஏழு மணி அலாரத்தை மட்டும் அவரே நிறுத்தட்டும்.