தானே அணைந்து தானே எழும் கணிப்பொறி

நோயாளியின் நாடியைப் பாராது மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்று உலகம் மதிப்பதில்லை. எனினும், நம் இல்லத்துள்ள யந்திரம் ஒன்று பழுதுறுங்கால், பழுது யாதென ஆராயுமுன்னரே, எந்த உறுப்பை மாற்றலாம் என்று கடைத்தெருவை நோக்கி நடக்கின்றோம். இத்தவற்றை யாமும் ஒருகாற் செய்யப் புகுந்தோம். முடிவில் எமக்கு வழி காட்டியவர் கணிப்பொறி நூல் கற்றவரல்லர். சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதி ஒருவர். அவ்வனுபவத்தை, எம் மாணாக்கர்க்கும் பழைய மாணாக்கர்க்கும் பயன்படுமாறு ஈண்டுக் கூறுவாம்.

கும்பகோணத்திற்கு மேற்கே, காவிரிக் கரையில் உள்ளது சுவாமிமலை. அங்கிருந்து எம் கல்லூரிக்கு வரும் மாணாக்கர் ஒருவர், விளையாட்டிற்கேற்ற ஆற்றல் மிக்க கணிப்பொறியொன்றை, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டியிருந்தார். அதில் விளையாடுவதோடு, தம் தந்தையார் வார்க்கும் திருவுருவங்களின் அளவுகளை முப்பரிமாண உருவமாக வரைந்தும் வந்தார். இறுதியாண்டிற்கென அவர் செய்து வந்த வேலை முழுதும் அதனுள்ளேயே இருந்தது.

சில வாரங்களாக அக் கணிப்பொறிக்கு ஒரு நோய் கண்டது. விளையாட்டுத் தொடங்கிய பத்து நிமிஷத்திற்குள் திரை இருளும். விசிறிகள் ஒரு கணம் ஓயும். பின்னர் ஒன்றும் நிகழாததுபோல யந்திரம் தானே மீண்டும் தொடங்கும். கடைக்காரர் ஒருவர் யந்திரத்தைத் திறந்தும் பாராமல், கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டது, புதிது வாங்குக என்றார். அதன் விலையோ, ஒரு விக்கிரகத்திற்கு முன்பணமாகப் பெற்றுச் செம்பும் மெழுகும் வாங்கத் தந்தையார் வைத்திருந்த தொகையிற் பெரும்பகுதியை விழுங்கத் தக்கது. "விளையாட்டுப் பெட்டிக்காகச் சாமி காரியத்துப் பணத்தைத் தொடுவதா?" என்று தாயார் வருந்தினார். இந்நிலையில் மாணாக்கர் எம்மை நாடினார்.

யாம் சிறிதும் தாழ்க்காது, "கார்டு அன்று, தம்பி, பிராசஸரே பழுது" என்றோம். அங்ஙனம் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்ட செய்தி அது. இன்டெல் நிறுவனத்தாரின் 13, 14-ஆம் தலைமுறைக் கோர் பிராசஸர்களிற் பல, விளையாட்டின் நடுவே நின்று போயின. அப்பொழுது திரையிற் பலருக்கும் தோன்றிய அறிவிப்பு, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்பது. உண்மையிலோ கார்டு குற்றமற்றது. பிராசஸர் தன் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டு நிற்க, பழி கார்டின்மேல் விழுந்தது. பிராசஸர் தனக்கு வேண்டியதினும் மிகுந்த மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியதே காரணம் என 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்து, ஆகஸ்டில் அதனைத் திருத்தும் மைக்ரோகோடு என்னும் உள்நிரலை வெளியிட்டது. மிகுந்த அழுத்தமும் உஷ்ணமும் சேர்ந்து, பிராசஸருள் காலத்தைத் தாளமிட்டுக் காட்டும் கடிகாரச் சுற்றினை முதுமையுறச் செய்தன எனச் செப்டம்பரில் விளக்கிற்று. உத்தரவாத காலமும் ஈராண்டு நீட்டிக்கப்பெற்றது. ஆயினும் அவ்வுள்நிரல் வருமுன் காப்பதேயன்றி, வந்த கேட்டை மாற்றுவதன்று. முன்னமே சிதைந்த பிராசஸரை மாற்றியே தீரவேண்டும்.

இச்செய்தியை நன்கு படித்திருந்தமையால், காண்பனவெல்லாம் எமக்கு அந்நோயாகவே தோன்றின. மாணாக்கரோ பணிவுடன், "ஐயா, என்னுடையது 12-ஆம் தலைமுறை" என்றார். யாம் நாணினோம். கடைக்காரர் பாராமற் சொன்னார், யாம் படித்துவிட்டுப் பாராமற் சொன்னோம், வேறுபாடு அவ்வளவே. அதன் பின்னரே சுவாமிமலைக்குச் சென்று, முறையாக ஆராயத் தலைப்பட்டோம்.

நிற்க. கணிப்பொறி தானே மீண்டும் தொடங்குதல் ஒரே தோற்றமுடையதாயினும், மூவகைப்பட்டது. விளையாட்டு மாத்திரம் மூடி, ஏனையவை நடைபெறுமாயின், குற்றம் பெரும்பாலும் அவ் விளையாட்டிலோ, கார்டினை இயக்கும் டிரைவர் என்னும் நிரலிலோ இருக்கும். நீலத்திரை தோன்றி, அல்லது 2025 முதல் விண்டோஸ் 11-இல் வரும் கருந்திரை தோன்றி, ஒரு குறிச்சொல்லைக் காட்டிவிட்டு நிற்குமாயின், டிரைவர், ராம் என வழங்கும் நினைவகம், பிராசஸர் ஆகியவற்றை ஐயுறல் வேண்டும். யாதொரு சொல்லுமின்றி விளக்கணைந்தாற்போல அணைந்து எழுமாயின், மின்சாரத்தையும் உஷ்ணத்தையும் முதலில் நோக்கவேண்டும்.

இவற்றைப் பிரித்தறிய இடையூறாவது விண்டோஸின் ஒரு வழக்கம். பிழை நேர்ந்தவுடன் தானே மீண்டும் தொடங்குமாறு அஃது அமைக்கப்பட்டிருத்தலின், குறிச்சொல்லைப் படிக்க நமக்கு அவகாசம் இராது. 'ஸ்டார்ட்டப் அண்டு ரெக்கவரி' என்னும் பகுதியிற் புகுந்து அவ்வமைப்பை நீக்குதல் முதற்காரியம். அடுத்து 'ஈவெண்ட் வியூவர்' என்னும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டைத் திறத்தல் வேண்டும். அதில் 'கெர்னல்-பவர் 41' என்னும் வரியைக் கண்டு, பவர் சப்ளையே கெட்டது என்று துணிவார் பலர். அது பிழை. முறையாக அணைக்கப்படாமல் யந்திரம் மீண்டும் தொடங்கிற்று என்பதே அதன் பொருள். ஏன் என்பதை அது சொல்வதில்லை. ஆயினும் அவ்வரியின் உள்ளே 'பக்செக்' எண் 0 என்று இருப்பின், பிழையைக் குறித்துக்கொள்ளவும் விண்டோஸுக்கு நேரம் இருந்ததில்லை என ஊகிக்கலாம். மாணாக்கரின் ஏட்டில் அத்தனை நாளும் 0-வே இருந்தது.

ஒரு தாளிற் கோடிட்டு, ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, விளைவை எழுதலானோம். உஷ்ணமானி நிரல் 78 டிகிரி சென்டிகிரேடே காட்டிற்று. பிராசஸர்கள் பலவும் 90 முதல் 100 டிகிரி அளவில்தான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடின் அணையும். ஆகவே உஷ்ணம் விலகிற்று. ராமின் வேகத்தை மிகுவிக்கும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை நீக்கி, இரவு முழுதும் நினைவகச் சோதனை நடத்தினோம். பிழை ஒன்றும் இல்லை. டிரைவரை முற்றும் நீக்கிப் புதிதாய் இட்டோம், பயனில்லை.

பின்னர் யூ.பி.எஸ்-ஸை ஐயுற்றோம். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுடையது. ஒரு சுற்று 20 மில்லி விநாடி. மின்னோட்டம் அறுந்தால், கணிப்பொறியின் பவர் சப்ளை தாங்கவேண்டிய காலம் ஏறத்தாழ 16 மில்லி விநாடியே. ஆகலின் வீட்டு விளக்குக் கண்சிமிட்டும் நேரத்தில் கணிப்பொறி அணைந்துபோதல் கூடும். மேலும் 600 வி.ஏ. என்று எழுதப்பட்ட சிறு யூ.பி.எஸ்-கள் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். விளையாட்டுக் கணிப்பொறிக்கு அது போதாது. இவ்விரண்டையும் எண்ணி, யூ.பி.எஸ்-ஸை விலக்கிச் சுவரிலேயே நேரே செருகினோம். அப்பொழுதும் யந்திரம் அணைந்தே எழுந்தது.

இறுதியிற் செலவில்லாத ஒரு சோதனை நினைவிற்கு வந்தது. கார்டு உண்ணும் மின்சாரத்திற்கு ஒரு நிரலால் வரம்பிட்டு, நூற்றுக்கு எழுபதாகக் குறைத்தோம். விளையாட்டு இரண்டு மணி நேரம் இடையறாது நடந்தது! வரம்பை நூறாக உயர்த்தினோம். எட்டாம் நிமிஷத்தில் அணைந்தது. மறுபடி குறைத்தோம், நின்றிலது. கார்டு தன் பசிக்கேற்ற உணவு பெறவில்லை என்பது தெளிவாயிற்று. பவர் சப்ளையோ 650 வாட் தரத்தது, கணக்கின்படி போதுமானது. அப்படியாயின் குறை எங்கே?

மின்தொடர்பை நீக்கிப் பெட்டியைத் திறந்து வைத்து யாம் விழித்திருந்தபோது, பட்டறையினின்று வந்த ஸ்தபதியார் குனிந்து நோக்கினார். கார்டின் தலையில் 8 முள்ளுடைய இரண்டு வாய்கள் இருந்தன. அவ்விரண்டிலும் செருகியிருந்தது இருதலையுடைய ஒரே கம்பிக் கற்றை. அவர் கேட்டார்: "ஐயா, பெரிய விக்கிரகத்துக்கு உலோகம் ஊற்ற ஒரே வழி வைத்தால், அது விரல் நுனிக்குப் போய்ச் சேருமுன்னே உறைந்துவிடும். இதற்கு வாய் இரண்டு இருக்க, வழி ஏன் ஒன்றாக இருக்கிறது?"

யாம் வாயடைத்து நின்றோம். 8 முள் வாய் ஒன்றுக்கு 150 வாட் என்பது விதி. இரண்டு வாய்க்கும் 300 வாட். அதனை 12 வோல்ட்டால் வகுக்க 25 ஆம்பியர். விளையாட்டிற் காட்சி மாறும் கணத்தில் கார்டு அதற்கும் மேலாக ஒரு நொடிப்பொழுது இழுக்கும். அவ்வளவும் ஒரே கற்றை வழியே பாயுங்கால், கம்பியிலும் முட்களிலும் அழுத்தம் இழக்கப்பட்டு, கார்டினை அடையும்போது 12 வோல்ட் தாழ்கின்றது. அத்தாழ்வைப் பொறாது யந்திரம் அணைந்தெழுகின்றது. பவர் சப்ளையோடு வந்த இரண்டாவது கற்றையோ, அதன் அட்டைப் பெட்டியிலேயே உறங்கிக் கிடந்தது! அதனை எடுத்துத் தனியே செருகினோம். வரம்பை நூறாக்கினோம். அன்று மாலை முழுதும் அணையவில்லை. அதன் பின் இன்றளவும் அணையவில்லை. செலவு ஒரு காசுமில்லை. முன்பணம் செம்பாகவும் மெழுகாகவும் உரிய காலத்தே பட்டறையை அடைந்தது.

மைந்தன் தந்தைக்கு உபதேசித்த தலம் என்று சுவாமிமலையைப் புராணம் கூறும். அன்று அங்கே தந்தையார் மைந்தர்க்கும் எமக்கும் ஒருங்கே உபதேசித்தார்.

இனி, இவ்வகை ஆராய்ச்சியிற் புகுவார்க்குச் சில எச்சரிக்கைகள். முதலாவது, சோதனைக்கு முன்னர் உள்ளேயுள்ள வேலைகளை வேறிடத்திற் பிரதி எடுத்துக்கொள்க. இரண்டாவது, மின்தொடர்பை நீக்காமற் பெட்டியுட் கை வைக்கற்க. பவர் சப்ளையை மாத்திரம் எக்காலத்தும் பிரிக்கற்க. அதனுள் உள்ள மின்தேக்கி, தொடர்பு நீங்கிய பின்னும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னைத் தாங்கி நிற்கும். மூன்றாவது, வேறொரு பவர் சப்ளையின் கற்றையை, பொருந்துகின்றதே என்று செருகற்க. முட்களின் வரிசை மாறியிருப்பின் உறுப்புகள் ஒரு கணத்திற் கருகும். நான்காவது, இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்யற்க. நோய் நீங்கினாலும் எதனால் நீங்கிற்று என்பது விளங்காது.

கற்றவை யாவும் நமக்கு விளக்காக வேண்டுமேயன்றித் திரையாதல் கூடாது. இன்டெலின் வரலாறு எமக்கு முதலில் திரையாயிற்று. பின்னர் நினைத்துப் பார்க்குங்கால், அவ்வரலாறும் இதனையே கற்பித்திருக்கின்றது: குற்றம் தோன்றும் இடம் வேறு, குற்றம் பிறக்கும் இடம் வேறு. இதனை உணர்ந்து, கையிலுள்ள காசை எண்ணுமுன் கண்முன் உள்ளதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எம் மாணாக்கரிடையே பெருகுவதாக.