செயற்கைக்கோளுக்குக் கலங்கல் தெரியாது

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் 18,720 படுக்கைகள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து தங்குபவருக்கு, பெருமழையில் எந்தச் சாலை முதலில் மூழ்கும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. இந்த வட்டாரம் ஏரிகளின் நாடு. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்ததற்கு நீர் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நீர் செம்பரம்பாக்கத்தைச் சேரும். அங்கிருந்து 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை என்ன ஆனது என்பதை எவரும் மறக்கவில்லை. வெள்ளத்தை வரைபடமாக்கும் கருவிகளுக்கு இன்று பஞ்சமில்லை. இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம் 2009 முதல் இருக்கிறது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களும் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் இலவசம். அவற்றைப் படிக்கும் பயிற்சிதான் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை.

உரியவர்கள் யார்? கிராம நிர்வாக அலுவலர், நீர்வளத்துறையின் களப்பணியாளர், மதகு திறக்கும் நீர்க்கட்டி, ஆலைகளின் பாதுகாப்பு அலுவலர். இவர்களுக்கு ஏன் பயிற்சி வேண்டும்? காரணம் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. தேங்கிய நீர் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஒரகடத்துப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் வழவழப்பான தார்த்தளமும் கறுப்பாகத்தான் தெரியும். கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் வெள்ளமோ வெளிச்சமாகத் தெரியக்கூடும். நிலத்தின் உயரத்தைச் சொல்லும் இலவசத் தரவுகளில் பரவலாகப் பயன்படுவது 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து எடுத்த அளவு. அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். அதற்குப் பிறகு ஆலைகளுக்காக மேடாக்கிய நிலம் அதில் இல்லை, கலங்கலும் இல்லை. ஓரடி உயரமே வெள்ளத்தின் திசையை மாற்றும் சமதரையில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க, கரையில் நடந்தவரின் கண் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தானே செய்துவிடுமே என்பார்கள். தார்த்தளமா தண்ணீரா என்பதை யாராவது களத்தில் பார்த்துச் சொன்னால்தான் அதுவும் கற்கும். 2015இல் மூழ்கிய தெருக்களை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்தவர்கள் மக்களே. பயிற்சி பெற்ற அலுவலர் மாற்றலாகிப் போவார் என்பது வலுவான மறுப்பு. ஆகவே ஒருவருக்கு மட்டும் கற்பிக்காமல், ஆலையையும் ஊராட்சியையும் சேர்த்துக் குழுவாகப் பயிற்றுவிக்க வேண்டும். டேராடூனிலுள்ள இந்தியத் தொலை உணர்வு நிறுவனம் 2007 முதல் தொலைவழிப் பாடங்கள் நடத்துகிறது; அடிப்படையை அதில் கற்கலாம். ஆனால் பயிற்சிக் கணக்கு வேற்றூர்ப் படமாக இருக்கக் கூடாது. தம் ஏரியின் கலங்கல் உயரத்தை அளந்து, கடந்த வெள்ளத்தின் தடத்தைப் புல எண்ணோடு பதிவதே பாடமாகட்டும். மழை நாளில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் போய்விடுமே என்ற அச்சமும் சரியானதே. அதனால் பயிற்சியின் கடைசி வேலை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அப்படிப் பதிந்த வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, தொழிலாளர் குடியிருப்பின் வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுவது.