செம்புள்ளிக் குறிநோக்கி

செம்புள்ளிக் குறிநோக்கி என்பது துப்பாக்கியின் மேல் பொருத்தப்பட்டு, இலக்கின் மேல் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி இருப்பதுபோல் சுடுபவரின் கண்ணுக்குக் காட்டும் ஒளியியல் கருவி ஆகும். ஆங்கிலத்தில் இது ரெட் டாட் சைட் எனப்படும். படைத்துறையினரும் போட்டிகளில் சுடுவோரும் பயன்படுத்தி வந்த இக்கருவி, ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் கைத்துப்பாக்கிகளிலும் 2010களிலிருந்து பரவலாயிற்று. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2008 இல் கொலம்பியா மாவட்டம் எதிர் ஹெல்லர் வழக்கில் உறுதி செய்தது.

வீட்டினுள் சுடும் தொலைவு பெரும்பாலும் சில மீட்டர்களே ஆகும். ஆகையால் இப்பயன்பாட்டுக்குக் குறிநோக்கியைத் தெரிவு செய்யும்போது, நுண்ணிய துல்லியத்தைவிடத் துப்பாக்கியைக் கையில் எடுத்த நொடியில் புள்ளி தெரியுமா என்பதே முதன்மையானது.

வரலாறு

இதன் அடிப்படையான எதிரொளிப்புக் குறிநோக்கியை அயர்லாந்தின் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்டு கிரப் 1900 இல் உருவாக்கினார். 1918 இல் செருமானியப் போர் வானூர்திகளில் இவ்வகைக் கருவி பொருத்தப்பட்டது. சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975 இல் மின்னணுச் செம்புள்ளிக் குறிநோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2009 இல் டிரிஜிகான் நிறுவனம் ஆர்எம்ஆர் எனும் சிறிய வகையை வெளியிட்டது. கிளாக் நிறுவனம் 2015 இல், குறிநோக்கி பொருத்துவதற்கு ஏற்ப வெட்டப்பட்ட ஸ்லைடு கொண்ட கைத்துப்பாக்கிகளை அறிமுகப்படுத்தியது. ஸ்லைடு என்பது சுடும்போது பின்னோக்கி நகர்ந்து மீளும் மேற்பகுதி ஆகும்.

இயங்கும் முறை

வளைந்த கண்ணாடி ஒன்றின் குவியத்தில் ஒளி உமிழும் டையோடு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். கண்ணாடியின் மேற்பூச்சு சிவப்பு ஒளியை மட்டும் கண்ணை நோக்கித் திருப்பி, ஏனைய நிறங்களைக் கடந்து செல்ல விடும். திரும்பும் கதிர்கள் இணையாக வருவதால், புள்ளி மிகத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். லேசர் குறிகாட்டியைப்போல் இலக்கின் மீது ஒளி விழுவதில்லை. புள்ளி சுடுபவருக்கு மட்டுமே தெரியும்.

வழக்கமான இரும்புக் குறிகளில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் கொணர வேண்டும். கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தொலைவில் மட்டுமே தெளிவாகக் குவிக்க இயலும். செம்புள்ளியில் பார்வையை இலக்கிலேயே வைத்திருக்கலாம். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு இது பெரிதும் உதவும்.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

புள்ளியின் அளவு: இது கோண நிமிடத்தில் குறிக்கப்படும். ஒரு பாகையின் 60 இல் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம் ஆகும். 10 மீட்டர் தொலைவில் 3 நிமிடப் புள்ளி ஏறத்தாழ 0.9 செ.மீ. அகலத்தையும், 6 நிமிடப் புள்ளி ஏறத்தாழ 1.7 செ.மீ. அகலத்தையும் மறைக்கும். அறைக்குள் இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. பெரிய புள்ளி கண்ணில் விரைவாகப் படும்.

திறந்த, மூடிய அமைப்புகள்: திறந்த வகையில் டையோடுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றுவெளி இருக்கும். அங்கு தூசியோ நூலிழையோ நீர்த்துளியோ படிந்தால் புள்ளி சிதறும் அல்லது மறையும். மூடிய வகை பருமன் மிக்கது. எனினும் மாதக்கணக்கில் எடுக்கப்படாமல் பெட்டியில் கிடக்கும் துப்பாக்கிக்கு அதுவே ஏற்றது.

ஒளிர்வு: ஒளிர்வைத் தானாகவே மாற்றும் உணரி, சுடுபவர் நிற்கும் இடத்தின் வெளிச்சத்தையே அளக்கின்றது. இருண்ட நடைவழியில் நின்று கைவிளக்கால் வெள்ளைச் சுவரை ஒளியூட்டினால், உணரி புள்ளியை மங்கலாக்கிவிட, அது சுவரின் ஒளியில் கரைந்துபோகும். கைமுறையாக அமைத்து அப்படியே விடக்கூடிய வகை இச்சிக்கலைத் தவிர்க்கும். அளவுக்கு மீறிய ஒளிர்வோ இருளில் இலக்கையே மறைத்துவிடும். ஆகவே வீட்டு விளக்குகளை அணைத்துச் சோதித்து அளவை முடிவு செய்ய வேண்டும்.

மின்கலம்: எய்ம்பாயிண்டின் ஏக்ரோ பி-2 போன்றவை ஒரே மின்கலத்தில் 50,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு மேல், இயங்கும் என அறிவிக்கப்பட்டுள்ளது. அவ்வாறாயினும் ஆண்டுக்கு ஒருமுறை குறித்த நாளில் மின்கலத்தை மாற்றுவது நல்ல வழக்கமாகும். மின்கல அறை அடியில் இருந்தால் கருவியைக் கழற்ற நேரிடும். பின்னர் குறியை மீண்டும் சரிபார்க்க வேண்டும். பக்கத்திலோ மேலேயோ அறை உள்ள வகையில் இத்தொல்லை இல்லை.

பொருத்துதல்: திருகு துளைகளின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எனவே ஸ்லைடுடன் பொருந்துமா என முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு வலுவாக அதிர்வதால் திருகுகள் தளரக்கூடும். திருகின் தலையில் தொடங்கி உடல் வரை வண்ணக்கோடு ஒன்று இட்டால், தளர்வைக் கண்ணாலேயே அறியலாம்.

மாற்று வழி: புள்ளி அணைந்துபோனாலும் குறி பார்க்க, கண்ணாடி வழியே தெரியும் உயரமான இரும்புக் குறிகளை வைத்திருத்தல் வேண்டும்.

வரம்புகள்

சிதறல் பார்வை உள்ளவர்களுக்குப் புள்ளி வால்வெள்ளிபோலவோ விண்மீன்போலவோ தோன்றலாம். எனவே வாங்குமுன் தம் கண்ணாலேயே பார்த்தறிய வேண்டும். குறிநோக்கி குழலுக்குச் சுமார் 2 முதல் 3 செ.மீ. மேலே இருப்பதால், மிக அண்மையில் குண்டு புள்ளிக்குச் சற்றுக் கீழே படும். புதிதாகப் பழகுவோர் துப்பாக்கியை உயர்த்தும்போது புள்ளியைத் தேடித் தடுமாறுவது வழக்கம். குண்டு நீக்கப்பட்டதை உறுதி செய்துகொண்டு திரும்பத் திரும்பப் பழகினால் இது நீங்கும்.

எதிரில் இருப்பவர் யார் என்பதைக் குறிநோக்கி காட்டாது. நள்ளிரவில் கூடத்தில் தெரியும் உருவம் வீட்டுக்குத் தாமதமாகத் திரும்பிய மகனாகவும் இருக்கலாம். விளக்கும், குரல் கொடுத்து அறிதலும் குறி பார்ப்பதற்கு முந்தியவை. குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி பூட்டப்பட்ட பெட்டியிலேயே இருக்க வேண்டும். குறிநோக்கி சேர்ந்தபின் துப்பாக்கியின் உயரம் கூடும். அது அப்பெட்டியில் அடங்காமல் வெளியில் வைக்கப்படுமானால், பாதுகாப்புக்காக வாங்கிய கருவியே இடருக்குக் காரணமாகிவிடும். ஆதலால் பெட்டியின் உள்ளளவையும் வாங்குமுன் அளந்து பார்த்தல் வேண்டும்.