பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளும் நில மதிப்பும்

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுகள், பொதுநலவாய விளையாட்டுகள், துடுப்பாட்ட உலகக்கோப்பை, பார்முலா 1 போன்ற பெரும் போட்டிகளை ஓர் ஊர் ஏற்று நடத்தும்பொழுது, அவ்வூரின் நிலம், மனை, வீடு, வாடகை ஆகியவற்றின் விலைகளில் உண்டாகும் மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகின்றது. விளையாட்டரங்கம் வந்தால் சுற்றியுள்ள நிலம் விலை ஏறும் என்பது பரவலான நம்பிக்கை ஆகும். ஆனால் இந்திய நகரங்களின் அனுபவத்தை நோக்கினால், நிலைத்து நின்ற விலை உயர்வின் பெரும்பகுதி போட்டியை ஒட்டியோ பின்னரோ வந்த சாலை, தொடருந்து, வேலைவாய்ப்பு ஆகியவற்றால் விளைந்தது எனலாம். அவை வராத இடங்களில் அறிவிப்பினால் ஏறிய விலை நிலைப்பதில்லை.

விலை மாறும் விதம்

நிலத்தின் விலை இன்றைய பயனை மட்டும் கொண்டு அமைவதில்லை. எதிர்காலத்தில் கிடைக்கும் எனக் கருதப்படும் வருவாயும் அதில் அடங்கும். எனவே முதல் உயர்வு போட்டி நடக்கும்பொழுது ஏற்படுவதன்று. அறிவிப்பு வெளியாகும்பொழுதே ஏற்படுகின்றது. இரண்டாம் கட்டத்தில் கட்டுமானப் பணிகள் தொடங்கி, தொழிலாளர் வருகையால் வாடகை உயரும். போட்டி நடக்கும் சில வாரங்களில் விடுதிக் கட்டணம் பன்மடங்காகும். ஆயினும் இது நில விலையை அதிகம் பாதிப்பதில்லை. போட்டி முடிந்த பின்னரே உண்மை நிலை வெளிப்படும். வீரர்களுக்காகக் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருவதால் விலை சரியவும் கூடும். 2016 ரியோ ஒலிம்பிக்கிற்காகக் கட்டப்பட்ட இல்கா புரா குடியிருப்பின் 31 அடுக்குமாடிகளில் 3,604 வீடுகள் இருந்தன. போட்டி தொடங்கும் வரை அவற்றுள் சிறு பகுதியே விற்றிருந்தது.

அரங்கத்திற்கு மிக அருகில் இருப்பது எப்பொழுதும் நன்மை என்று கூற இயலாது. இரைச்சல், வாகன நெரிசல், பாதுகாப்புக் கெடுபிடிகள் ஆகியன வீட்டின் மதிப்பைக் குறைப்பவை. சற்றுத் தள்ளி, புதிய சாலையும் தொடருந்து நிலையமும் எட்டும் தொலைவில் உள்ள நிலமே கூடுதல் பயன் பெறும்.

அளவிடுவதில் உள்ள சிக்கல்

போட்டி நடந்த பகுதியில் விலை ஏறியது என்பதனால் மட்டும் போட்டியே அதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. அக்காலத்தில் நகரம் முழுவதிலும் விலை ஏறியிருக்கலாம். எனவே ஆய்வாளர்கள் போட்டிப் பகுதியையும் அதனை ஒத்த வேறொரு பகுதியையும் எடுத்துக்கொண்டு, அறிவிப்புக்கு முன்னும் பின்னும் இரண்டிலும் ஏற்பட்ட மாற்றங்களின் வேறுபாட்டைக் கணக்கிடுகின்றனர். 2012 ஒலிம்பிக் இலண்டனுக்கு வழங்கப்படுவதாக 2005 ஜூலை 6 அன்று அறிவிக்கப்பட்டது. இம்முறையில் ஆராய்ந்த சியார்ச்சியோசு கவெட்சோசு, போட்டி நடக்கவிருந்த பகுதிகளில் வீட்டு விலை 2.1 முதல் 3.3 விழுக்காடு வரை கூடுதலாக இருந்ததாகக் கண்டார். பேரங்காடியும் விரைவுத் தொடருந்தும் சேர்ந்து வந்த இடத்திலும் அறிவிப்பின் தனி விளைவு இவ்வளவே.

இந்தியாவில் இத்தகைய கணக்கீடு மேலும் கடினம். பத்திரத்தில் காட்டப்படும் தொகை பெரும்பாலும் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். கைமாறும் தொகை வேறாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 2017 ஜூன் மாதத்தில் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் மீண்டும் பழைய அளவிற்கு உயர்த்தப்பட்டது. பதிவுத்துறைத் தரவை மட்டும் நோக்கும் ஒருவருக்கு அவ்வாண்டுகளில் நிலச் சந்தை சரிந்து எழுந்தது போலவே தோன்றும்.

தில்லி

2010 அக்டோபர் 3 முதல் 14 வரை தில்லியில் பொதுநலவாய விளையாட்டுகள் நடைபெற்றன. யமுனைக் கரையில், அக்சர்தாம் கோயிலுக்கு அருகில், 1,168 வீடுகளைக் கொண்ட விளையாட்டுக் கிராமம் எழுப்பப்பட்டது. தில்லி வளர்ச்சி ஆணையம் நிலத்தை அளிக்க, எமார் எம்.ஜி.எப். நிறுவனம் கட்டித் தனது பங்கை விற்றுக்கொள்வது என்பது 2007ஆம் ஆண்டின் ஒப்பந்தம். 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியால் விற்பனை தேங்கியது. பணிகள் நின்றுவிடக் கூடாது என்று 2009இல் ஆணையமே 333 வீடுகளைச் சுமார் 700 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இம்முடிவைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் கடுமையாகக் குறை கூறினார். விலை ஏறினால் ஆதாயம் கட்டுநருக்கு, ஏறாவிட்டால் இழப்பு பொதுப்பணத்திற்கு என்பதே இதன் பொருள். போட்டியின் நாள் குறிக்கப்பட்டுவிட்டால் பேரம் பேசும் வலிமை அரசிடம் இருப்பதில்லை.

இதே யமுனைக் கரையில் 2004இல் யமுனா புச்தா குடிசைப் பகுதி அகற்றப்பட்டது. நீதிமன்ற ஆணையும் ஆற்றங்கரை அழகுபடுத்தும் திட்டமும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். போட்டியை மட்டும் காரணமாகக் கூற இயலாது. அகற்றப்பட்டோரில் ஒரு பகுதியினர்க்கு நகரின் வடமேற்கு எல்லையில் உள்ள பவானாவில் மனை தரப்பட்டது. நில மதிப்பு உயர்வு என்பது பட்டா உள்ளவருக்கே வருவாய் ஆகும். பட்டா இல்லாதவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் அது ஊரை விட்டுச் செல்வதற்கான அறிவிப்பாக முடிகின்றது.

பெரிய நொய்டா

நில வணிகத்தையே அடிப்படையாகக் கொண்டு ஒரு விளையாட்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டதற்குப் புத்த பன்னாட்டு ஓட்டக்களம் எடுத்துக்காட்டாகும். செய்பீ குழுமம் உத்தரப் பிரதேசத்தின் பெரிய நொய்டா அருகே, யமுனை விரைவுச்சாலையை ஒட்டி, 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள இக்களத்தை அமைத்தது. களத்தைச் சுற்றிச் சுமார் 1,000 எக்டேர் நிலத்தில் 'விளையாட்டு நகரம்' என்ற பெயரில் வீடுகளும் மனைகளும் விற்பனைக்கு வந்தன. பார்முலா 1 இந்தியக் கிராண்டு பிரீ 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் மட்டுமே நடந்தது. வரி தொடர்பான பிணக்குகளாலும் பிற காரணங்களாலும் அதன்பின் அது நடைபெறவில்லை. நிலுவைத் தொகை செலுத்தப்படாததால் 2020இல் யமுனை விரைவுச்சாலை தொழில் வளர்ச்சி ஆணையம் நில ஒதுக்கீட்டை இரத்துச் செய்தது. 2025 மார்ச்சில் அலகாபாத்து உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முன்பணம் கட்டியவர்கள் இடைப்பட்ட ஆண்டுகளைக் காத்திருப்பில் கழித்தனர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் அதே சாலையோரத்தில் நில விலை உயர்ந்தது. ஆனால் அதற்குக் காரணம் 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட செவார் வானூர்தி நிலையம் ஆகும்.

சென்னை

1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுகள் (சாப் விளையாட்டுகள்) நடைபெற்றன. இதற்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் கட்டப்பட்டது. அப்பொழுது வேளச்சேரி ஏரியும் வயலும் சூழ்ந்த புறநகராகவே இருந்தது. இன்று அங்குள்ள நில விலையைக் கண்டு நீச்சல் வளாகத்திற்கு நன்றி கூறுவோர் எவரும் இலர். 2000இல் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, பழைய மாமல்லபுரம் சாலையில் பெருகிய மென்பொருள் நிறுவனங்கள், 2007இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் தொடருந்து ஆகியவையே அவ்வுயர்வுக்குக் காரணங்கள்.

2022 ஜூலை, ஆகத்து மாதங்களில் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு, ஏற்கெனவே இருந்த விடுதி வளாகத்தில் நடைபெற்றது. புதிய தொடருந்துப் பாதை எதுவும் அதற்காகக் கட்டப்படவில்லை. ஆகவே நில மதிப்பைப் பொறுத்தவரை அதில் ஆராய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

கோயம்புத்தூர் - பல்லடம் சாலை

2024 மக்களவைத் தேர்தல் பரப்புரையின்பொழுது, கோயம்புத்தூரில் பன்னாட்டுத் துடுப்பாட்ட அரங்கம் அமைக்கப்படும் என்று அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். பின்னர் ஒண்டிப்புதூரில் உள்ள திறந்தவெளிச் சிறைச்சாலை நிலம் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒண்டிப்புதூர் திருச்சி சாலையில் உள்ளது. அதே சாலை சூலூர், காரணம்பேட்டை வழியாகப் பல்லடம் செல்கின்றது. ஆகவே மேற்கூறிய வினா கொங்கு நாட்டில் சென்ட் கணக்கில் மனை வாங்குவோரின் வினாவும் ஆகின்றது. மனைப்பிரிவுத் துண்டறிக்கையில் 'ஸ்டேடியம் மிக அருகில்' என்று அச்சிட அரசாணை எதுவும் தேவையில்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

ஒண்டிப்புதூரில் அரங்கம் எழுந்தாலும் அங்கு ஆண்டிற்குச் சில நாட்களே பெரிய ஆட்டங்கள் நடைபெறும். எஞ்சிய நாட்களில் நிலத்தின் பயன் சாலை, தண்ணீர், தொழில் ஆகியவற்றைப் பொறுத்ததே. பல்லடத்தின் நில மதிப்பைத் தாங்குபவை விசைத்தறியும், கறிக்கோழிப் பண்ணைகளும், வடக்கே உள்ள திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும், ஊரின் ஊடே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 81உம் ஆகும். பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனம் பெறும் தோட்டத்திற்கு வேறு கணக்கு உண்டு. அது மனையாகப் பிரிக்கப்பட்டுவிட்டால் மீண்டும் தோட்டம் ஆவதில்லை.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பின்னர் வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017இல் வந்தன. அதற்கு முன் இத்தகைய மனைகளை வாங்கியவர்கள், நிலத்தின் விலை எவ்வளவு ஏறியிருந்தாலும், தடை நீடித்த காலத்தில் அதனை விற்க இயலாமல் இருந்தனர். ஊர் நகர அமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணும் வில்லங்கச் சான்றும் இல்லாத மனைக்கு அரங்கத்தின் அருகாமை எந்த மதிப்பையும் சேர்ப்பதில்லை.

2030ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டுகள் அகமதாபாத்திற்கு 2025 நவம்பரில் வழங்கப்பட்டன. அங்கு 1,32,000 பேர் அமரக்கூடிய மோட்டேரா அரங்கத்திற்கு 2022லேயே மெட்ரோ தொடருந்து வந்துவிட்டது. எனவே அப்பகுதியில் இனி ஏறும் விலையில் மெட்ரோவின் பங்கு எவ்வளவு, போட்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது தில்லியைக் காட்டிலும் கடினமாக இருக்கும்.