முதுமையில் பண்ணையைச் சுருக்கும் முறை

பயிர்த்தொழிலைத் தொடங்க யோசனை கூறுவோர் பலர். அதினின்று ஒழுங்காக விலக வழி கூறுவோர் சிலரே. உடல் தளர்ந்த பின்னும் பழைய அளவிலேயே சாகுபடியை நடத்திக் கடன்பட்டு, முடிவில் மாடு, கருவி, நிலம் யாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிடும் குடும்பங்கள் உண்டு. இந்நஷ்டம் முன்யோசனையால் தவிர்க்கக்கூடியதே.

உதாரணமாக, காவிரிப் பாசனத்தில் 9 ஏக்கர் நஞ்சையுடைய ஒரு மிராசுதாரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வயது 70. குமாரர் இருவர் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கின்றனர். குமாரத்தி வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர். பண்ணையாளுக்கும் வயதாகிவிட்டது. இத்தகையோர் மூன்று வருஷ காலத்தில் படிப்படியாக விலகுவது உத்தமம்.

முதல் வருஷத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் முதலியவற்றைக் கணக்கெடுத்துத் தீர்க்கவேண்டும். அகல உழுவதினும் ஆழ உழுவதே மேல் என்பது இங்கும் பொருந்தும். வீட்டுக்கு அருகில் நல்ல வாய்க்கால் வசதியுள்ள 3 ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு, குறுவையை விட்டுச் சம்பா ஒரு போகம் செய்யலாம். சம்பா அறுவடைக்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள் முன்னர், ஈரமிருக்கும்போதே உளுந்தைத் தெளித்தால் உழவுச் செலவின்றி ஒரு மகசூல் கிடைக்கும். கறவைப் பசுவைப் பால் வற்றிய பின் விற்பதைவிடக் கன்று ஈன்ற சில நாளில் விற்பதே லாபம்.

மீதி நிலத்தைத் தரிசாக விடலாகாது. கோரையும் அறுகும் மண்டும். எலி பெருகி அண்டை வயல்களையும் கெடுக்கும். குத்தகைக்கு விடுவதாயின் நெடுநாள் உழைத்த பண்ணையாளின் குடும்பத்தாரை முதலில் கேட்பது நியாயம். ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல்வேண்டும். 1955-ஆம் வருஷத்திய சட்டப்படி, வாரம் ஒழுங்காகச் செலுத்தும் சாகுபடிக் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற இயலாது. கிராம நிர்வாக அலுவலர்களும், உண்மையில் பயிரிடுவோர் இன்னாரென்பதை அடங்கலில் சரியாகப் பதிவு செய்தால் பிற்கால வழக்குகள் குறையும்.

சொத்தைப் பிரிப்பதில் அவசரம் கூடாது. ஹிந்துக் குடும்பங்களின் பிதுரார்ஜித சொத்தில், 2005-ஆம் வருஷத்திய திருத்தச் சட்டத்தின்படி குமாரத்திகளுக்கும் குமாரர்களுக்குச் சமமான பாத்தியதை உண்டு. ஆகவே ஆண்மக்களுக்கு மட்டும் எழுதிவைத்தல் பின்னர் விவகாரத்துக்கு இடமாகும். உயிலை ஆயுட்காலத்தில் மாற்றலாம். தானப்பத்திரம் பதிவான பின் அங்ஙனம் மாற்றுதல் எளிதன்று. அப்படி எழுதிக் கொடுப்போர், தம்மைப் பராமரிக்கவேண்டுமென்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்த்தல் நலம். 60 வயது நிரம்பியவர் அங்ஙனம் எழுதிக்கொடுத்து, பெற்றவர் நிபந்தனையை மீறினால், 2007-ஆம் வருஷத்திய முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அப்பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம்.

இவ்விஷயங்களை மனைவியுடனும் மக்கள் அனைவருடனும் ஒருசேர அமர்ந்து பேசுவது முக்கியம். தந்தை வாய் திறவாமையால் மக்கள் பகையானதுண்டு. மடையை எந்நேரம் திறப்பது, எந்த வயலில் எந்த நெல் விளையும் என்பவற்றை அறிந்தவர் அவர் ஒருவரே. அவ்வறிவைத் தாம் நடமாடும் காலத்திலேயே பின்வருவோருக்குக் காட்டிக்கொடுத்து ஓய்வுபெறுவாராயின், நிலத்துக்கும் குடும்பத்துக்கும் க்ஷேமம் உண்டாகும்.